முன்னிலை

நாடாளுமன்றத்தில் அவளுக்குக் குறுக்கம்மா என்று பெயர். வைத்தவர்கள் ஆளுங்கட்சிக்காரர்கள். கீழ்க்கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்தே காலம் தள்ளிய வக்கீல், எம்.பி. ஆன பிறகும் அந்தப் புத்தி போகவில்லை என்று கேலிக்கு வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. "கேள்வி கேக்கத்தானே ஜனங்க அனுப்பியிருக்காங்க, தூங்கவா?" என்பாள். பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்வாள். அவர் அதற்கும் கண்ணைத் திறக்க மாட்டார்.

வெளிவிவகாரக் குழுவில் அவளைப் போட்டபோது அவள் கட்சித் தலைவரே கூப்பிட்டு எச்சரித்தார். "அரசாங்கம் வெளிநாட்டோட எந்த ஒப்பந்தம் போட்டாலும் அந்தக் குழு பாத்த பிறகுதான் செல்லும். பெரிய பொறுப்பு. ஆனா உன் கோர்ட்டு வித்தையெல்லாம் அங்க காட்டிடாதேம்மா. அது வேற மாதிரி இடம்."

வேறு மாதிரி இடம்தான். மேல்மாடியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. செல்போனை வாசலில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே பேசியதை வெளியே, கட்டின கணவனிடம்கூடச் சொல்வதில்லை என்று முதல் நாளே சத்தியம் வாங்கிவிடுவார்கள். பச்சைத் துணி விரித்த நீள மேசையின் தலைமாட்டில் குழுத் தலைவர் உட்கார்ந்திருப்பார். வயதானவர், நல்லவர், யாரிடமும் முகம் சுளிக்காதவர். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். மந்திரி கொண்டுவந்த ஒப்பந்தத்தைப் படித்து முடித்ததும் "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்பார். பெப்பர்மின்டை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளுகிற நேரம் பொறுப்பார். பிறகு "இல்லை. குழு ஒருமனதாக ஏற்கிறது" என்று சொல்லி மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டுவார். முடிந்தது.

ஓட்டெடுப்பு என்ற பேச்சே அங்கே கிடையாது. அந்நியன் முன்னால் வீட்டுச் சண்டை கூடாது என்பது அவர்களுடைய மரபு. சட்டம் என்னவோ வேறு மாதிரிதான் சொன்னது. ஒரே ஓர் உறுப்பினர் "உண்டு" என்று வாய் திறந்தால் போதும், ஒப்பந்தம் முழுச் சபைக்குப் போயாக வேண்டும். பத்திரிகைக்காரர்கள் முன்னால், வெளிச்சத்தில், ஒவ்வொரு வரியாக விவாதித்தாக வேண்டும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் குழு தொடங்கிய நாளிலிருந்து யாரும் சொன்னதில்லை. தாத்தா பரணில் போட்டுவிட்டுப் போன துப்பாக்கி மாதிரி அது கிடந்தது. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வெடிக்குமா என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு வெளிவிவகார மந்திரி கொண்டுவந்தது அண்டை நாட்டோடு போட்ட இரண்டு ஒப்பந்தங்கள். அவர்கள் எரிவாயுக் குழாய் போட்டுத் தருகிறார்கள் என்று ஒன்று. அவர்களுடைய கொடுமை தாங்காமல் எல்லை தாண்டி இங்கே வந்து பிழைப்பவர்களைத் திருப்பி அனுப்புகிறோம் என்று மற்றொன்று. இதற்கு அது விலை என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அப்படியெல்லாம் எழுத அவர்களுக்கென்ன பைத்தியமா? இரண்டாவதன் தலைப்பு, 'விருப்பத்தின் பேரில் தாயகம் திரும்புவோருக்கான ஏற்பாடு.'

"விருப்பம்னு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டாள் குறுக்கம்மா.

"போறவங்கதான்" என்றார் மந்திரி.

"யார்கிட்ட?"

"அதிகாரிகிட்ட."

"பூட்டின அறையில அதிகாரிகிட்ட சொன்னது விருப்பமா, பயமான்னு யார் பாக்கப்போறாங்க? போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலத்தை எந்தக் கோர்ட்டும் கையில தொடாது. நீங்க அதை நம்பி ஆளை எல்லை தாண்டி அனுப்பறீங்களா?"

தலைவர் வாயில் பெப்பர்மின்ட் அப்படியே நின்றுவிட்டது. குறுக்கம்மாவின் நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துவிட்டது என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. மந்திரிதான் முதலில் சிரித்தார். "அம்மா சொல்றது நியாயம்தானே? என்ன சேர்க்கணும்னு அவங்களே சொல்லட்டும். நான் எழுதிக்கறேன்."

அவள் அங்கேயே வாய்மொழியாகச் சொன்னாள். 'இவ்விருப்பம், இக்குழுவின் உறுப்பினர் ஒருவரின் முன்னிலையில் உறுதி செய்யப்பட வேண்டும்.' மந்திரி தன் சொந்தப் பேனாவால் ஓரத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டார். "ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவர். வாயைத் திறக்காமல் இருந்தவர்களில் அன்று அவளும் ஒருத்தி.

படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மந்திரி கொண்டுவந்த தாளில் ஒரு காற்புள்ளியைக்கூட யாரும் மாற்றியதில்லை. அவள் ஒரு வாக்கியத்தையே நுழைத்திருக்கிறாள்.

*

கணவர் பழைய மரச்சாமான் வாங்கி, பழுது பார்த்து விற்கிறவர். அன்று மாலை ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டுக் காலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே, "என்ன வக்கீலம்மா, கேஸ் ஜெயிச்சாச்சா?" என்றார்.

"என்னன்னு சொல்லக் கூடாது. ஒண்ணு கேட்டேன். குடுத்துட்டாங்க."

"எவ்வளவு நேரம் இழுத்தாங்க?"

"இழுக்கவே இல்ல. உடனே குடுத்துட்டாங்க."

அவர் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். "நான் சொன்ன விலைக்கு ஒருத்தன் மறுபேச்சில்லாம எடுத்துட்டுப் போனா, எனக்கு வயித்தைக் கலக்கும். கம்மியாச் சொல்லிட்டோம்னு அர்த்தம்."

"எல்லாத்தையும் மேசை நாற்காலியாப் பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மனுஷருக்கு ஒரு நாளாவது நல்ல வார்த்தை வாயில் வருகிறதா பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒரு தையல் கடை. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவுதான். அதற்குள் உட்கார்ந்து தைப்பவளைத் தெருவே ஊசி என்று கூப்பிட்டது. ஆளும் அப்படித்தான், ஒல்லி, கூர்மை, வேலை செய்துகொண்டே இருப்பவள். எல்லைக்கு அந்தப்பக்கத்துக்காரி. அவள் கணவன் அங்கே சொந்தமாக அச்சகம் வைத்திருந்தவன். அரசாங்கத்தைக் கண்டித்து யாரோ எழுதிக்கொண்டுவந்ததை அச்சடித்துக் கொடுத்தான். அச்சகத்தைக் கொளுத்தினார்கள். உயிர் தப்பினால் போதும் என்று இரண்டு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். இங்கே அவன் ஒரு காகிதக் கிடங்கில் மூட்டை தூக்கினான். அச்சுக்காரன் கடைசியில் வெறுங்காகிதம் சுமக்கிறேன் அக்கா, என்று தானே தன்னைக் கேலி செய்துகொள்வான். பிள்ளைகள் இல்லை. குறுக்கம்மாவுக்கு அவர்கள் இரண்டு பேரும் தம்பி வீடு மாதிரி.

அந்த வாரக் கடைசியில் ஊசி அவளை நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்திவைத்துப் புதுக் கோட்டுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகள். இரண்டு கையும் தோளில்.

"அக்கா, எங்களைப் பத்திப் பெரிய இடத்துல ஏதோ பேசறாங்களாமே?"

"யார் சொன்னா?"

"கிடங்குல பேசிக்கறாங்க. இவரோட பெரியப்பா பையன் கப்பல்ல வேலை பாக்கறான். இந்த வாரம் கிளம்புது. ரெண்டு பேருக்கும் இடம் பாத்து வெச்சிருக்கான். வேற நாடு, வேற பாஷை. போயிடலாமாங்கறார் இவர். எனக்கு மறுபடியும் முதல்ல இருந்து தொடங்க உடம்புல தெம்பில்ல. நீங்க சொல்லுங்க அக்கா. போகவா, இருக்கவா?"

குறுக்கம்மா கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தாள். சத்தியம் செய்திருக்கிறாள், சொல்லக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. "உன் விருப்பம் இல்லாம உன்னை யாரும் அனுப்ப முடியாது" என்றாள். "அதைப் பாத்துக்க ஆள் இருக்கு."

"யாரு?"

"ஆள் இருக்குன்னு சொல்றேன்ல?"

குண்டூசி கடித்த வாயோடு ஊசி சிரித்தாள். புரிந்துவிட்டது. தோளில் ஒரு மடிப்பை எடுத்துக் குத்தி, "கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க அக்கா, எம்.பி. மாதிரி" என்றாள்.

கப்பல் போயிற்று. அவர்கள் போகவில்லை.

*

பட்டப்பகலில்தான் வந்தார்கள். கோட்டு வாங்கப் படியிறங்கி வந்த குறுக்கம்மா தையல் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருப்பதைப் பார்த்தாள். உள்ளே மெஷினின் ஊசிக்கடியில் துணி அப்படியே மாட்டியிருந்தது. எதிர்க்கடைச் சாவிக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "முந்தாநாள் அவனைக் கிடங்குல வெச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்மா. இன்னிக்குக் காலைல வேன்ல வந்து இவளையும் ஏத்திட்டாங்க. கழுத்துல டேப்பு தொங்குது, அதைக் கழட்டக்கூட விடலை. உங்களுக்குப் போன் போடலாம்னு பாத்தேன். பெரிய இடத்து விவகாரம், எதுக்கு நமக்குன்னு…" என்று இழுத்துவிட்டு, கையிலிருந்த அரத்தைப் பார்த்தார்.

குழுத் தலைவருக்குப் போன் செய்தாள்.

"விருப்பம் கேக்கறது துறைமுகத்துப் பக்கம் பொருட்காட்சி மண்டபத்துல நடக்குதும்மா" என்றார் அவர். "முதல் தொகுதி ஆளுங்களுக்கு நேத்து நானே போய் இருந்துட்டு வந்தேன். ஒழுங்காத்தான் செய்யறாங்க. எல்லாருக்கும் டீ குடுக்கறாங்க. நாளைக்கு உங்க முறை. நீங்க கொண்டுவந்த ஷரத்து, நீங்க போகாம எப்படி?"

நாளைக்கு அவள் முறை. நல்லவேளை என்றுதான் நினைத்தாள். மறுநாள் காரில் போகும்போது மனதுக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனாள். எப்போது பிடித்தார்கள், யார் என்ன சொன்னார்கள், மாட்டேன் என்றால் என்ன ஆகும் என்று சொன்னார்கள்? எத்தனை பொய்ச்சாட்சிகளைக் கூண்டிலேயே அழவைத்திருக்கிறாள்! ஓர் அதிகாரியின் மிரட்டலை வெளியே இழுத்துப்போட அவளுக்கு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். ஊசியும் அச்சுக்காரனும் மாட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

டிராக்டரும் சோபாவும் காட்சிக்கு வைக்கிற மண்டபம் அது. கூரையிலிருந்து விளம்பரம் தொங்கவிடுகிற கொக்கிகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு மேசை. அதிகாரிக்கு ஒரு நாற்காலி, எதிரே வந்து உட்காருபவருக்கு ஒன்று. பக்கவாட்டில், சற்றுத் தள்ளி, மெத்தை வைத்த மூன்றாவது நாற்காலி. அதன் முன்னால் சின்ன அட்டையில் 'முன்னிலை' என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். காமிரா ஒன்று மூன்றையும் பார்த்து நின்றது.

அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார்.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். "விருப்பப்பட்டுத்தான் போறீங்களா?" என்றார் அதிகாரி. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றார்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று குறுக்கம்மா நாற்காலியை முன்னே இழுத்தாள். "உங்களை யாராவது—"

"மேடம், மன்னிக்கணும்" என்றார் அதிகாரி. "கேள்வி நான் மட்டும்தான் கேக்கணும்."

"நான் குழு உறுப்பினர்."

"தெரியும் மேடம். உங்க முன்னிலையில நடக்கணும்னு இருக்கு. நடந்துட்டிருக்கு." அவர் ஒப்பந்தத்தின் நகலைத் திருப்பி, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். "நீங்க விசாரிக்கணும்னு இருந்தா நானே விட்டிருப்பேன். முன்னிலையில்னுதான் போட்டிருக்கு. ரொம்பத் தெளிவா எழுதியிருக்காங்க."

அதில் கிண்டல் ஒன்றுமில்லை. அந்த மனிதர் உண்மையாகவே அந்த வாக்கியத்தை மெச்சினார். அதுதான் அவளைச் சுட்டது.

முன்னிலை! கூட்ட அழைப்பிதழில் தலைமை என்று ஒருவர் பெயர் இருக்கும், சிறப்புரை என்று ஒருவர் பெயர் இருக்கும். மேடையில் நாற்காலி கொடுக்க வேண்டும், ஆனால் மைக்கைக் கொடுத்துவிடக் கூடாது என்கிற ஆட்களின் பெயரை முன்னிலை என்று போடுவார்கள். அவள் பெயரையே எத்தனை அழைப்பிதழில் அப்படிப் போட்டிருக்கிறார்கள், எத்தனை கூட்டத்தில் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இலக்கணப் புத்தகத்திலும் அதேதான். பேசுகிறவர் தன்மை, கேட்டுக்கொண்டிருப்பவர் முன்னிலை, பேசப்படுகிறவர் படர்க்கை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். கேள்வி கேட்டே பெயர் வாங்கியவள் காதால் கேட்டுக்கொண்டிருப்பவள் வேலையைத் தனக்குத் தானே எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கைக்காசைச் செலவழித்துச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான். மந்திரி ஏன் சொந்தப் பேனாவை எடுத்தார் என்று இப்போது புரிந்தது.

"விருப்பமில்லைன்னு சொன்னா?" என்று அதிகாரியையே கேட்டாள். அதற்கு அவர் பதில் சொல்லலாம் போலிருந்தது.

"விருப்பமில்லாத ஒருத்தரைக்கூட அனுப்ப மாட்டோம் மேடம். பின்னால கொட்டகை இருக்கு. விருப்பம் வர்ற வரைக்கும் அங்க இருப்பாங்க."

மேலும் சிலர் வந்தார்கள், ஆமா என்றார்கள், பின்வாசல் வழியாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். எல்லோரும் அதே தரையைப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு ஆமாவையும் கேட்டுக்கொண்டு, காமிரா முன்னால், மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. முன்னிலை இல்லாமல் இது செல்லாது. கேள்வி கேட்கத்தான் உரிமையில்லை, எழுந்து போக உரிமை இருக்கிறதே! அவள் எழுந்து போய்விட்டால் இந்த மேசை வெறும் மேசைதானே?

அந்த யோசனை வந்து அவள் மூச்சு விடுவதற்குள் ஊசியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கழுத்தில் இன்னும் டேப்பு தொங்கியது.

அவள் குறுக்கம்மாவைப் பார்த்தாள். தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கோத்துக்கொண்டாள்.

"விருப்பப்பட்டுத்தான் போறீங்களா?"

"விருப்பம்தான்."

குறுக்கம்மா எழுந்து நின்றாள். "நான் கிளம்பறேன். என் முன்னிலையில இது நடக்காது. எழுதிக்கங்க."

அதிகாரி பதறவில்லை. பேனாவை மூடினார். "சரி மேடம். அப்ப இத்தோட நிறுத்திடறோம். பஸ்ல ஏறினவங்களையும் இறக்கணும், இந்தத் தொகுதியே செல்லாது. அடுத்த உறுப்பினர் வர்றப்ப பாத்துக்கலாம்." காவலரைப் பார்த்து, "எல்லாரையும் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"அடுத்தது எப்ப?" என்று கேட்டது ஊசி.

"சொல்ல முடியாதும்மா. அந்தப் பக்கம் எல்லையைத் திறந்தாத்தான். ஒரு மாசம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம்."

ஊசி நாற்காலியிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்துக் குறுக்கம்மாவின் கையைப் பிடித்தாள். தையல்காரியின் விரல், சொரசொரவென்று இருந்தது. "உக்காருங்க அக்கா."

"பயப்படாதே. மாட்டேன்னு சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"அவர் முந்தாநாளே போயிட்டார்."

"எப்படி?" என்றாள் குறுக்கம்மா.

"உன் பொண்டாட்டி சம்மதிச்சு முதல் பஸ்ல போயிட்டான்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. அப்ப நான் கடையில தைச்சுக்கிட்டு இருக்கேன். நான் தனியாப் போறேனேன்னு அவரும் ஆமான்னுட்டார். உன் புருஷன் சம்மதிச்சுப் போயிட்டார்னு இன்னிக்கு என்கிட்ட சொல்றாங்க. இதுல பொய்யே இல்ல பாருங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "அவரை அங்க எல்லையிலயே பிடிச்சிருப்பாங்க அக்கா. எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. ஆளைப் பிடிச்சா ஜெயில் வாசல்ல வீட்டுப் பொம்பளைங்க போய் நிப்பாங்க. எங்க வெச்சிருக்கீங்க, சாப்பிட்டானான்னு தினம் கேப்பாங்க. கேக்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தான் உள்ள இருக்கறவனை உயிரோட வெப்பாங்க. கேக்க நாதியில்லாதவனை ஒரு வாரத்துல முடிச்சுடுவாங்க. நான் போய்க் கேக்கணும். ஒரு மாசம் கழிச்சுப் போனா யாரைக் கேப்பேன்? உக்காருங்க அக்கா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எழுந்து போயிடாதீங்க."

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்கள். இங்கே சண்டைக்காரன் மின்விசிறியைச் சரிசெய்துகொண்டு மரியாதையாகக் காத்திருந்தார்.

கேள்வி கேட்க ஆள் இருந்தால் உயிர் பிழைக்கும். அந்த ஜன்னலில்லாத அறையில் குறுக்கம்மா உட்கார்ந்திருந்ததே அதற்காகத்தான். ஒரே ஒரு 'உண்டு' சொல்லியிருந்தால் முழுச் சபையும் கேட்டிருக்கும், ஊரே கேட்டிருக்கும். அதை விற்று அவள் ஒரு நாற்காலி வாங்கினாள். இப்போது இந்தப் பெண் ஜெயில் வாசலில் நின்று தனி ஒருத்தியாகக் கேட்கப் போகிறாள்.

பஸ்ஸில் ஏறிவிட்ட பெரியவரை நினைத்தாள். அவருக்கும் விருப்பமில்லை. எழுந்து போனால் அவர் கொட்டகையிலாவது இருப்பார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். ஊசியின் பிடி தளரவில்லை.

குறுக்கம்மா உட்கார்ந்தாள்.

இடையில் தடைப்பட்டதால் அதிகாரி முதலிலிருந்து கேட்டார். "விருப்பப்பட்டுத்தான் போறீங்களா?"

"விருப்பம்தான்" என்றாள் ஊசி. இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. நேரே குறுக்கம்மாவைப் பார்த்துச் சொன்னாள், அந்த மண்டபத்தில் அன்று சொன்ன ஒரே நிஜம் அதுதான். பின்வாசலுக்குப் போகும்போது ஒரு கணம் நின்றாள். "கோட்டு கடையில உள்பக்கம் மாட்டியிருக்கு அக்கா. கை ரெண்டும் சும்மா நூல் ஓட்டித்தான் வெச்சிருக்கேன். யார்கிட்டயாவது குடுத்துக் கெட்டியாத் தைச்சுக்கங்க. அப்படியே போட்டுடாதீங்க." கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, சுருட்டி, வைக்க இடம் தெரியாமல் மறுபடியும் கழுத்திலேயே போட்டுக்கொண்டு போனாள்.

தொகுதி முழுவதும் முடிந்தால்தான் பஸ் கிளம்பும். அதனால் கடைசி ஆள் வரைக்கும் குறுக்கம்மா உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். காது கேளாத ஒருவர் வந்தார், அவருக்கு அதிகாரி கேள்வியைத் தாளில் எழுதிக் காட்டினார். எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். அவளுக்கும் ஒரு கோப்பை வந்தது.

*

வெயில் சாய்ந்து அவள் காரில் ஏறி உட்கார்ந்தபோது தலைவரிடமிருந்து போன் வந்தது. "நல்லபடியா முடிஞ்சுதாம்மா? அறிக்கையை எழுதிடலாம்னு பாக்கறேன். ஆட்சேபம் உண்டா?" வழக்கமான கேள்வி. வாயில் பெப்பர்மின்ட் உருளுகிற சத்தம்கூடக் கேட்டது.

"உண்டு" என்றாள் அவள்.

பெப்பர்மின்ட் நின்றுவிட்டது. குழுவின் வாழ்நாளிலேயே யாரும் சொல்லாத வார்த்தை. மனுஷர் பயந்துதான் போயிருப்பார்.

"என்னம்மா ஆட்சேபம்?"

பெயரோ ஊரோ சொல்லாமல் அவள் சொன்னாள். கணவனிடம் சொன்ன பொய், அதை வைத்து மனைவியிடம் சொன்ன உண்மை, விருப்பம் வருகிற வரைக்கும் பூட்டிவைக்கிற கொட்டகை, எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துப் பெருமூச்சு விட்டார். நல்ல மனிதர், நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"தப்புதான். ரொம்பத் தப்பு. பதிவு பண்ணிடறேன். ஆனா பஸ் இன்னும் எல்லையைத் தாண்டியிருக்காது. நீங்க ஆட்சேபம்னு சொல்லிட்டா அதை நான் திருப்பிக் கூப்பிட்டாகணும். விதி அப்படி. எல்லாரையும் இறக்கிக் கொட்டகையில வைக்கணும். கூப்பிடட்டுமா?"

கார் துறைமுகச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கப்பல் நின்ற இடம் எதுவாக இருக்கும் என்று அவள் பார்த்தாள். எல்லா இடத்திலும் வேறு கப்பல்கள் நின்றன. பஸ்ஸில் ஒருத்தி மட்டும் சீக்கிரம் போ, சீக்கிரம் போ என்று மனதுக்குள் டிரைவரை விரட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரியவர் இருப்பார், கைக்குழந்தைக்காரி இருப்பாள்.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கூப்பிடட்டுமா, வேண்டாமா?"

எத்தனையோ பேரை ஆமா, இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லு என்று கூண்டில் நிறுத்தி விரட்டியவள். அது எவ்வளவு பெரிய கொடுமை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வேண்டாம்" என்றாள்.

"அப்ப ஒருமனதாகன்னு போட்டுக்கறேன்" என்றார் அவர், மெதுவாக, ஆறுதல் சொல்கிற குரலில். பிறகு போனில் மேசையை விரலால் தட்டுகிற சத்தம் கேட்டது.